ரயில் ஹாரன் சத்தத்தைக் குறைப்பது எப்படி? குடியிருப்போருக்கு ஒரு வழிகாட்டி

ராத்திரி இரண்டு மணிக்கு ரயில் ஹாரன் கேட்டு விழித்தவர் மறுநாள் முதல் வேலையாக ரயில்வேக்குப் புகார் எழுதுகிறார். பதில் வந்தால், "பாதுகாப்பு விதிப்படியே ஒலிக்கப்படுகிறது" என்று ஒரே வரியில் வரும். அந்த வரி உண்மைதான். லெவல் கிராசிங்கை நெருங்கும்போது ஹாரன் அடிப்பது ஓட்டுநரின் கடமை. அடிக்காமல் போய் ஒரு விபத்து நடந்தால் பதில் சொல்லவேண்டியவர் அவர்தான். அதனால் "அடிக்காதீர்கள்" என்று கேட்டுப் பயனில்லை. கிராசிங்கில் ஹாரன் என்ன வேலை செய்கிறதோ அந்த வேலையைச் செய்ய வேறொன்றை அங்கே நிறுத்தினால்தான் ஹாரனை நிறுத்தச் சொல்ல முடியும். அந்த வேறொன்று பெரும்பாலும் சாலையில் கட்டப்படும் பொருள்: கேட், நடுத்திட்டு, மேம்பாலம், வேலி. சாலைக்குப் பொறுப்பானவர் நகராட்சி என்றால் முதலில் தட்டவேண்டியது நகராட்சியின் கதவு.

எங்கே தொடங்குவது, எதை எண்ணுவது, எது வேலைக்கு ஆகும், எது பாதியில் கவிழும் என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

உங்களை எழுப்புவது எந்த ஹாரன்?

எல்லா ஹாரனுக்கும் ஒரே மருந்து இல்லை. முதல் ஒரு வாரம் காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள்.

நெடில், நெடில், குறில், நெடில் என்று நான்கு ஒலிகள் வந்தால் அது லெவல் கிராசிங் ஹாரன். அமெரிக்காவிலும் கனடாவிலும் இதுதான் விதித்த முறை. கடைசி நெடில், என்ஜின் சாலையை அடையும்வரை நீளும். இந்தியாவில் கேட்டுக்கு 600 மீட்டர் முன்பாக 'டபிள்யூ/எல்' என்று எழுதிய மஞ்சள் பலகை நிற்கும். ஓட்டுநர் அங்கிருந்து கேட் வரை ஒலித்தபடி வருவார். பிரிட்டனில் ஹாரன் அடிக்கச் சொல்லும் விசில் பலகைகள் பெரும்பாலும் நடைபாதைக் கிராசிங்குகளுக்கு முன்னால் இருக்கும்.

ஒழுங்கில்லாமல் குறுகிய ஊதல்கள் பல வந்தால் தண்டவாளத்தில் ஆளோ மாடோ நிற்கிறது என்று பொருள். இதற்குக் கேட்டில் எதைக் கட்டினாலும் பயனில்லை. ஆட்கள் குறுக்கே போகும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே வேலியும் முறையான நடைமேம்பாலமோ சுரங்கப்பாதையோ வந்தால்தான் அடங்கும். வேலி மட்டும் போட்டால் ஒரே மாதத்தில் ஓட்டை விழுந்துவிடும். மக்கள் போவதற்கு வழி இருந்தால்தான் வேலி நிற்கும்.

ஒன்றோ இரண்டோ ஊதலோடு வண்டி நகர்ந்தால் அது நிலையத்திலோ, பெட்டிகளைச் சேர்த்துப் பிரிக்கும் யார்டிலோ புறப்படும் அறிகுறி. யார்டு சத்தத்தை வேலை நேரத்தை மாற்றியும், என்ஜினை நிறுத்தும் இடத்தை வீடுகளிலிருந்து தள்ளியும் ஓரளவு குறைக்கலாம். இதற்கு யார்டு மேலாளரோடு நேரடியாகப் பேசுவதே போதுமானதாக இருக்கும்.

பாதை பராமரிப்பு நடக்கிற நாட்களில் வரும் ஹாரன் தற்காலிகமானது. பணியாளர்களின் உயிர் சம்பந்தப்பட்ட அந்த ஊதலைப் புகாரில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் உங்கள் மற்றப் புகார்களின் மதிப்பும் போய்விடும்.

இனி வருவதெல்லாம் முதல் வகையான கிராசிங் ஹாரனைப் பற்றியது. குடியிருப்புகளின் தூக்கத்தைக் கெடுப்பதில் பெரும்பங்கு அதற்குத்தான்.

ஏன் இவ்வளவு சத்தம், ஏன் இவ்வளவு தூரம்

மூடிய ஜன்னலும் ஓடும் ஏசியுமாக வரும் கார் ஓட்டுநருக்குக் கேட்கவேண்டும் என்பதுதான் ஹாரனின் அளவுகோல். அமெரிக்க விதிப்படி என்ஜினுக்கு முன்னால் 100 அடி, அதாவது சுமார் 30 மீட்டர் தூரத்தில் அளந்தால் குறைந்தது 96, அதிகபட்சம் 110 டெசிபல் இருக்கவேண்டும். திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் சுமார் 6 டெசிபல் குறையும். 30 மீட்டரில் 100 டெசிபல் என்றால் 60 மீட்டரில் 94, 120-ல் 88, 240-ல் 82, 480 மீட்டரில் 76. அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வீட்டின் சுவரில் 76 டெசிபல் மோதுகிறது. இரவில் தரையோரக் காற்று குளிர்ந்து மேல்காற்று வெப்பமாக இருந்தால் ஒலி கீழ்நோக்கி வளைந்து இன்னும் தூரம் போகும். பகலில் கேட்காத ஹாரன் விடியற்காலையில் தலைமாட்டில் ஒலிப்பது போலிருப்பதற்கு இதுவே காரணம். ஓட்டுநர் வேண்டுமென்று அழுத்துகிறார் என்பதல்ல.

உலக சுகாதார நிறுவனம் ஐரோப்பாவுக்காக 2018-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் ரயில் இரைச்சலின் இரவுச் சராசரியை 44 டெசிபலுக்குக் கீழே வைக்கச் சொல்கிறது. இந்தியாவின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்கின்றன. இரண்டுமே சராசரிக் கணக்கு. இரவில் நான்கு ரயில், ஒவ்வொன்றிலும் 20 விநாடி ஹாரன் என்றால் எட்டு மணி நேரச் சராசரியில் அதன் உச்சம் கரைந்துபோகும். தூக்கத்தைக் கலைப்பதோ அந்த உச்சம்தான். ஆகவே சராசரியை மட்டும் காட்டி வாதாடப் போனால் கை நழுவும்; ஒவ்வொரு ஊதலின் உச்ச அளவையும், எத்தனை தடவை என்ற எண்ணிக்கையையும் சேர்த்தே வையுங்கள்.

14 நாள் பதிவேடு

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஒவ்வொரு ஹாரனுக்கும் எழுதவேண்டியவை: தேதி, நேரம் (விநாடி வரை), ரயில் வந்த திசை, சரக்கா பயணியா, ஊதலின் முறை, மொத்தம் எத்தனை விநாடி, உச்ச டெசிபல், காற்றும் மழையும். குறைந்தது 14 நாள் எழுதுங்கள்; வார நாளும் வார இறுதியும் இரண்டு தடவையாவது வரவேண்டும். மூன்று நான்கு வீடுகள் வெவ்வேறு தூரத்திலிருந்து ஒரே நாட்களில் எழுதினால் பதிவேட்டின் எடை கூடும்.

அளக்க, அளவுத்திருத்தம் செய்த ஒலிமானி கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயோஷ் ஐபோனுக்கு வெளியிட்டிருக்கும் இலவசச் செயலி ஆரம்ப வேலைக்குப் போதும். கருவியை 'ஏ' எடையிலும் (காது கேட்பதைப் போல அளப்பது) 'ஃபாஸ்ட்' வேகத்திலும் (சட்டென்று மாறும் சத்தத்தைப் பிடிப்பது) வையுங்கள். தரையிலிருந்து 1.2 முதல் 1.5 மீட்டர் உயரம், சுவரிலிருந்து 3.5 மீட்டர் தள்ளி, மைக்குக்குப் பஞ்சு உறை. காற்று விநாடிக்கு 5 மீட்டருக்கு மேல் அடிக்கும் நேரத்து அளவை எடுத்துக்கொள்ளாதீர்கள். அது காற்றின் சத்தம். பால்கனிக் கைப்பிடியில் போனைச் சாய்த்து வைத்து எடுத்த அளவுகள் சுவரின் எதிரொலியால் 3 டெசிபல் வரை கூடிவிடும், அதைக் காட்டியே எதிர்த்தரப்பு மொத்தப் பதிவேட்டையும் தள்ளிவிடும்.

பதிவேடு முடிந்ததும் இரண்டு விஷயங்களைத் தேடுங்கள். முதலாவது, ஹாரனின் நீளம். 400 மீட்டர் முன்னால் உள்ள பலகையிலிருந்து ஒலிக்கவேண்டும் என்று தூரத்தை வைத்து விதி இருந்தால், மணிக்கு 96 கிலோமீட்டரில் வரும் ரயில் 15 விநாடி ஒலிக்கும். 30 கிலோமீட்டரில் ஊர்ந்து வரும் சரக்கு ரயில் அதே தூரத்துக்கு 48 விநாடி ஒலிக்கும். அமெரிக்காவில் 2005 ஜூன் 24-ல் நடைமுறைக்கு வந்த விதி இதைத்தான் மாற்றியது: ரயில் சாலையை அடைவதற்கு 15 முதல் 20 விநாடிக்கு முன் தொடங்கினால் போதும், கால் மைலுக்கு முன்னால் தொடங்கக் கூடாது. உங்கள் பதிவேட்டில் 40, 50 விநாடி ஊதல்கள் நிறைய இருந்தால், ஒரு கட்டுமானமும் இல்லாமல் நேர அடிப்படையை மட்டும் கேட்டே பாதிச் சத்தத்தைக் குறைக்கலாம். விதியில் நேரக் கணக்கு ஏற்கெனவே இருக்கிறதென்றால் அந்த ஊதல்கள் விதிமீறல். தேதி நேரத்தோடு எழுதினால் ரயில் நிறுவனம் என்ஜின் பதிவுக் கருவியில் சரிபார்க்க முடியும்.

இரண்டாவது, கிராசிங்குகளின் நெருக்கம். அரை கிலோமீட்டருக்கு ஒன்றாக மூன்று கிராசிங் இருந்தால் ஒன்றின் ஹாரன் முடிவதற்குள் அடுத்ததன் ஹாரன் தொடங்கிவிடும். அப்படிப்பட்ட இடத்தில் ஒரே கிராசிங்கைச் சரிசெய்து பயனில்லை, மூன்றையும் சேர்த்தே எடுக்கவேண்டும்.

யாரிடம் போவது

அமெரிக்காவில் 'அமைதி மண்டலம்', அதாவது கிராசிங்கில் வழக்கமான ஹாரன் அடிக்காத பாதைப் பகுதி, கோரும் அதிகாரம் சாலைக்குப் பொறுப்பான பொது அமைப்புக்கு மட்டுமே உண்டு: நகரம், கவுண்டி (மாவட்டம் போன்றது), மாநிலம். குடியிருப்போர் சங்கமோ ரயில் நிறுவனமோ நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. கனடாவில் ரயில் பாதுகாப்புச் சட்டத்தின் 23.1-ஆம் பிரிவின்படி நகராட்சி ரயில் நிறுவனத்தோடு கலந்து பேசி, சம்பந்தப்பட்ட அமைப்புகளுக்கு அறிவித்து, மன்றத்தில் தீர்மானம் போடவேண்டும். கிராசிங்குகள் விதிகளின் தரத்தை எட்டியிருக்கவும் வேண்டும். பிரிட்டனில் நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை விசில் பலகைகளில் வழக்கமான ஹாரன் அடிப்பதில்லை என்ற ஏற்பாடு ஏற்கெனவே உள்ளது. அந்த நேரத்தில் அடிக்கடி கேட்டால், அங்கே தண்டவாளங்களை நிர்வகிக்கும் நெட்வொர்க் ரயிலிடம் தேதி நேரத்தோடு எழுதலாம். இந்தியாவில் கிராசிங்கையே எடுத்துவிடுவதுதான் நடைமுறையில் நிற்கும் வழி. அகலப்பாதைகளில் ஆளில்லா கேட்டுகள் 2019 ஜனவரியோடு ஒழிக்கப்பட்டன. ஆளுள்ள கேட்டுகளுக்குப் பதில் மேம்பாலமோ தாழ்வான சுரங்கப்பாதையோ கட்டும் வேலை தொடர்கிறது. கேட் போனால் டபிள்யூ/எல் பலகையும் போகும். கோரிக்கை கோட்ட ரயில்வே மேலாளருக்கும், மாநில நெடுஞ்சாலைத் துறைக்கும், உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் ஒரே நாளில் ஒரே பதிவேட்டோடு போகட்டும். கோட்ட ரயில் உபயோகிப்பாளர் ஆலோசனைக் குழுவில் ஒரு உறுப்பினரைப் பிடித்தால் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் ஏற்றலாம். குறிப்பில் ஏறிய கேள்விக்கு எழுத்தில் பதில் வரும்.

எந்த நாடானாலும் முதல் கூட்டத்தில் "ஹாரனை நிறுத்தவேண்டும்" என்று தொடங்காதீர்கள். "இந்தக் கிராசிங்கைப் பாதுகாப்பாக்கவேண்டும், அதன் பலனாக ஹாரன் குறையவேண்டும்" என்று தொடங்கினால் எதிரே இருக்கும் பொறியாளர் உங்கள் பக்கம் உட்காருவார். இது பேச்சுத் தந்திரம் அல்ல. ஹாரன் நின்றால் ஆபத்து கூடும் என்பது கண்ணால் பார்த்த உண்மை. ஃப்ளோரிடாவில் 1984 முதல் இரவு ஹாரனைத் தடைசெய்த கிராசிங்குகளில் இரவு விபத்து விகிதம் ஏறத்தாழ மூன்று மடங்கானது. 1991-ல் அமெரிக்கக் கூட்டாட்சி ரயில் நிர்வாகம் அவசர ஆணையிட்டு அந்தத் தடையை நீக்கியது. மாற்று எதுவும் வைக்காமல் ஹாரனை மட்டும் நிறுத்தியதன் விளைவு அது.

கிராசிங் ஆய்வு

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கு பேர், ஒரு டேப், ஒரு கேமரா. ஒவ்வொரு கிராசிங்குக்கும் ஒரு தாள். சாலையில் நின்று அளக்கும்போது பிரதிபலிப்பு ஜாக்கெட் அணியுங்கள்; தண்டவாளத்துக்குள் கால் வைக்காதீர்கள்.

தாளில் இருக்கவேண்டியவை: கிராசிங் எண் (அமெரிக்காவில் ஆறு இலக்கமும் ஓர் எழுத்துமாக நீலப் பலகையில் இருக்கும்), சாலையின் அகலம், எத்தனை தடம், கேட் எந்தப் பக்கங்களில், சிவப்பு விளக்கு மின்னுகிறதா, மணி உண்டா, கேட் இறங்கியதிலிருந்து ரயில் வரும்வரை எத்தனை விநாடி, நடைபாதை உண்டா, ஒரு மணி நேரத்தில் எத்தனை வண்டி, எத்தனை ரயில், ரயிலின் வேகம். கேட்டிலிருந்து இரண்டு பக்கமும் 30 மீட்டருக்குள் எந்தக் குறுக்குத் தெருவும் கடை வாசலும் வருகின்றன என்பதைப் படம் வரைந்து குறியுங்கள். பெரும்பாலான திட்டங்கள் உடைவது இந்த 30 மீட்டரில்தான், காரணம் பின்னால் வரும். தோட்டத்துக்கோ தொழிற்சாலைக்கோ போகும் தனியார் கிராசிங்குகளையும் ஒற்றையடிப் பாதைகளையும் விட்டுவிடாதீர்கள். வரைபடத்தில் இல்லாத ஒரு தனியார் கிராசிங் கடைசி நாளில் முளைத்து, மொத்த மண்டலத்தையும் மறுபடி ஆய்வுக்கு அனுப்பிவிடும்.

சாலையில் எதைக் கட்டுவது

சாதாரண கேட் சாலையின் பாதியைத்தான் மூடுகிறது. அவசரக்காரர் எதிர்த்தடத்தில் புகுந்து, 'எஸ்' போல வளைத்து, கேட்டைச் சுற்றிப் போய்விடுகிறார். ஹாரன் நின்றபின் கூடும் ஆபத்தில் பெரும்பகுதி இந்த வளைப்புதான். கீழே உள்ளவை எல்லாம் அந்த வளைப்பைத் தடுக்கும் வெவ்வேறு வழிகள். அருகில் தரும் விழுக்காடு, விபத்து அபாயத்தை எவ்வளவு குறைக்கும் என்று அமெரிக்க விதி வைத்திருக்கும் கணக்கு. வேறு நாடுகளிலும் ஒப்பிட்டுப் பேச உதவும்.

மலிவானதும் விரைவானதும் நடுத்தடுப்பு. சாலையின் நடுக்கோட்டில் தாழ்வான திட்டும் அதன்மேல் வளைந்து நிமிரும் பிளாஸ்டிக் கம்பங்களும் நட்டால் 75 விழுக்காடு. வண்டி ஏற முடியாத 6 அங்குல உயரக் கான்கிரீட் நடுத்திட்டு என்றால் 80. கேட்டின் கையிலிருந்து குறைந்தது 100 அடி நீளம் வேண்டும். அதற்குள் குறுக்குத் தெரு வந்தால் 60 அடி வரை சுருக்கலாம். 60 அடிக்குள்ளும் தெரு வந்தால் அந்தத் தெருவை மூடவோ நகர்த்தவோ வேண்டும். தனி வீட்டு வாசல்கள் இந்தக் கணக்கில் தெருவாகாது, கடை வாசல்கள் ஆகும். இறங்கிய கேட்டின் நுனிக்கும் திட்டுக்கும் நடுவே ஒரு அடிக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது.

இதில் என்ன கெடும்? கம்பங்கள். லாரிகள் உரசும், பனி பொழியும் ஊரில் பனிவாரி வண்டி பிடுங்கி எறியும். வருடத்துக்கு எத்தனை கம்பம் மாற்றவேண்டும், யார் செலவு என்று தொடக்கத்திலேயே எழுதி வாங்குங்கள். வரிசையில் நான்கு கம்பம் இல்லையென்றால் அங்கே ஒரு வழி பிறந்துவிட்டது. இன்னொன்று, தடுப்பு வந்ததும் இடதோ வலதோ திரும்ப முடியாமல் போகும் கடைக்காரர்கள். நகராட்சிக் கூட்டத்தில் திட்டத்தை எதிர்த்துப் பேசப்போகிறவர்கள் அவர்கள். வரைபடத்தோடு முன்கூட்டியே போய்ப் பேசுங்கள். அவர்களுடைய சரக்கு வண்டி எங்கே திரும்பும் என்பதற்கு விடை கையில் இருக்கட்டும்.

நான்கு பக்கக் கேட் சாலையின் இரு தடத்தையும் இருபுறமும் மூடும்: 82 விழுக்காடு. உள்ளே வண்டி சிக்கினால் வெளியேறும் கேட்டைத் திறந்து வைக்கும் உணரி பொருத்தினால் 77-ஆகக் குறையும். திறந்த வெளிவாசலைப் பார்த்துப் பின்னால் வருபவரும் நுழையப் பார்ப்பார் என்பதால். 60 அடி நடுத்திட்டையும் சேர்த்தால் 92. சிக்னல் அறை, மின்சுற்று, பேட்டரி எல்லாம் மாறவேண்டியிருப்பதால் செலவு பல மடங்கு, ரயில் நிறுவனத்தின் வடிவமைப்பு வரிசையில் காத்திருக்கும் காலமும் அதிகம். நடுத்திட்டுக்கு இடமில்லாத குறுகிய சாலையில் மட்டும் இதற்குப் போங்கள்.

ஒருவழிச் சாலையாக்கி, கேட்டின் கையைச் சாலையின் மறு ஓரத்துக்கு ஒரு அடி வரை நீட்டினாலும் 82. பக்கத்தில் இணையான இரண்டு தெரு இருந்தால் இது கைவசமுள்ள எளிய வழி. பெரும்பாலும் பெயிண்ட்டும் பலகையும்தான் செலவு.

கிராசிங்கை நிரந்தரமாக மூடுவது 100 விழுக்காடு. ஆனால் அங்கே போன வண்டிகள் அடுத்த கிராசிங்கில் போய் நிற்கும், அதன் அபாயம் ஏறும். ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி எந்த வழியில் எத்தனை நிமிடத்தில் வரும் என்று அளந்து சொல்லாமல் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள்.

கட்டுமானம் எதுவும் இயலாத இடத்துக்குச் சாலையோர ஹாரன் இருக்கிறது. என்ஜினில் ஒலிப்பதற்குப் பதில் கிராசிங் கம்பத்தில் நிலையான ஹாரன் நின்று, சாலையை மட்டும் நோக்கி ஒலிக்கும். அமெரிக்க விதியில் தண்டவாள மையத்திலிருந்து 100 அடியில் 92 டெசிபல் இருந்தால் போதும். ரயில் பாதையோடு கால் மைல் நீளத்துக்குப் பரவிய சத்தம் கிராசிங்கைச் சுற்றிய சில வீடுகளுக்குள் சுருங்கிவிடும். அந்தச் சில வீடுகளுக்கோ ஒரே இடத்திலிருந்து, ஒவ்வொரு ரயிலுக்கும் வரும். கிராசிங் முனையில் வீடுகள் நெருங்கியிருந்தால் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அண்டை வீட்டாரின் தூக்கத்தை விலையாகக் கொடுத்து வாங்கும் அமைதி நிலைக்காது. கருவி ஒலிக்கிறது என்பதை ஓட்டுநருக்குக் காட்டும் விளக்கு தனியாக வேண்டும். அது எரியாத நாளில் அவர் என்ஜின் ஹாரனையே அடிப்பார்.

கணக்கு எப்படி ஓடுகிறது

எல்லாக் கிராசிங்கிலும் கட்ட வேண்டியதில்லை. மண்டலத்தின் சராசரி அபாயம் குறைந்தால் போதும் என்பது அமெரிக்க முறையின் ஒரு வழி. கேட் உள்ள கிராசிங்கில் ஹாரன் நின்றால் அபாயம் 66.8 விழுக்காடு கூடும் என்று கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். ஒரே மாதிரியான இரண்டு கிராசிங், ஹாரனோடு ஒவ்வொன்றின் அபாயமும் 100 என்று வைத்துக்கொள்வோம். ஹாரன் இல்லாமல் இரண்டும் 166.8. ஒன்றில் மட்டும் வளையும் கம்பத் தடுப்பு போட்டால் அது 41.7 ஆகும், மற்றது 166.8, சராசரி 104.25. ஹாரன் இருந்தபோதைய 100-ஐ விட அதிகம், தேறாது. கான்கிரீட் நடுத்திட்டு என்றால் 33.4, சராசரி 100.1. மயிரிழையில் தவறும். ஒருவழியாக்கினால் 30, சராசரி 98.4, தேறிவிடும்.

சராசரி, தேசிய அபாய வரம்புக்கு (நாடெங்கும் கேட் உள்ள, ஹாரன் அடிக்கும் கிராசிங்குகளின் சராசரி அபாயம்) கீழே இருந்தாலும் தேறலாம் என்றொரு வழி உண்டு. எளிது போலத் தெரியும், ஆனால் வரம்பும் உங்கள் எண்ணும் காலப்போக்கில் மாறும், ஆண்டுதோறும் மறுபடி பார்ப்பார்கள். ஒரு விபத்து நடந்தால் எண் ஏறி மண்டலமே போகலாம். முடிந்தவரை ஒவ்வொரு கிராசிங்கிலும் ஏதாவது ஒன்றைக் கட்டிவிடுங்கள். அப்படிச் செய்த மண்டலம் நாலரை முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை, விதியின் தரம் இன்னும் இருக்கிறது என்று உறுதிமொழி கொடுத்தால் போதும். மற்றவை இரண்டரை முதல் மூன்று ஆண்டுக்குள் கொடுக்கவேண்டும்.

அமெரிக்காவில் காகித வரிசை இப்படிப் போகும். மண்டலம் குறைந்தது அரை மைல் நீளம் இருக்கவேண்டும். பொதுக் கிராசிங் ஒவ்வொன்றிலும் விளக்கு, கேட், ரயிலின் வேகம் எதுவானாலும் ஒரே எச்சரிக்கை நேரம் தரும் மின்சுற்று, மின்தடையைக் காட்டும் விளக்கு வேண்டும். நகரம் தன் நோக்கத்தை அறிவிக்கும். ரயில் நிறுவனமும் மாநிலமும் கருத்துச் சொல்ல 60 நாள். பிறகு கட்டுமானம். "இங்கே ரயில் ஹாரன் ஒலிக்காது" என்ற எச்சரிக்கைப் பலகை சாலையின் இரு பக்கமும். கடைசியாக, தொடங்கும் நாளுக்குக் குறைந்தது 21 நாள் முன்பு நிறுவல் அறிவிப்பு. அந்த அறிவிப்பில் ஒரு கிராசிங்கின் பழைய வண்டிக் கணக்கு இருந்தால்கூடத் திரும்பி வரும். போக்குவரத்து எண்ணிக்கையைப் புதிதாக எடுத்து வையுங்கள்.

தொடங்கும் வாரத்துக்கு முன் வீடு வீடாகத் துண்டறிக்கை கொடுங்கள். இரண்டு செய்தி அதில் அவசியம்: இனி ஹாரன் எச்சரிக்கை வராது, குழந்தைகளிடம் சொல்லிவையுங்கள்; ஆள், மாடு, வாகனம் பாதையில் இருந்தால் ஓட்டுநர் எப்போதும்போல் அடிப்பார், அது விதிக்கு உட்பட்டதே. இதைச் சொல்லாவிட்டால் முதல் ஊதலிலேயே "திட்டம் தோற்றது" என்று பேச்சு கிளம்பிவிடும். கேட்டின் மணியும் சக்கர ஓசையும் இருக்கும் என்பதையும் மறைக்காதீர்கள்.

அதுவரை வீட்டுக்குள்

இதெல்லாம் நடந்து முடிய ஆண்டுக்கணக்காகும். அதற்குள் தூங்கவேண்டும்.

மரம் நடுவதிலும் மதில் உயர்த்துவதிலும் பணத்தைப் போடாதீர்கள். ஹாரன் பெரும்பாலும் என்ஜினின் கூரை மேல், நான்கு மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் இருக்கிறது. இரண்டு மீட்டர் மதில் அதன் பார்வையை மறைக்காது. 30 மீட்டர் அகலத்துக்கு அடர்ந்த தோப்பு இருந்தால்கூட 5 டெசிபல் குறைவதே அதிகம்.

ஓட்டையை அடைப்பதுதான் முதல் வேலை. சுவர்ப் பரப்பில் 1 விழுக்காடு திறந்திருந்தாலே அந்தச் சுவர் 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. ஜன்னல் சட்டத்தின் இடுக்கு, ஏசிக் குழாய்த் துளை, கதவடி இடைவெளி எல்லாம் கூடினால் அந்த 1 விழுக்காடு வந்துவிடும். ரப்பர் பட்டை, அக்ரிலிக் சீலன்ட், கதவடித் தடுப்பு. ஒரு நாள் வேலை. அடைத்தபின் படுக்கையறை விளக்கை அணைத்து, வெளியே ஒருவர் டார்ச் அடிக்கட்டும். வெளிச்சம் கசியும் இடத்தில் சத்தமும் கசியும்.

அடுத்தது இரண்டாவது ஜன்னல். இருக்கும் ஜன்னலை எடுக்காமல் உள்பக்கம் இன்னொரு சட்டம் பொருத்தி, இரண்டு கண்ணாடிக்கும் நடுவே 100 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இடைவெளி விடுங்கள். ஹாரனின் அடிப்படை ஒலி சில நூறு ஹெர்ட்ஸில், தாழ்ந்த பக்கம் இருக்கிறது. வட அமெரிக்க என்ஜின்களில் பரவலான ஐந்து குழல் ஹாரன் ஒன்றின் குழல்கள் 311 முதல் 622 ஹெர்ட்ஸ் வரை. 12 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள சாதாரண இரட்டைக் கண்ணாடி தாழ்ந்த ஒலிகளில் பெரிதாக உதவாது. அது வெப்பத்துக்காகச் செய்தது. இரண்டு கண்ணாடியின் தடிமனும் வேறு வேறாக இருக்கட்டும், உதாரணமாக 6 மில்லிமீட்டரும் 10 மில்லிமீட்டரும். ஒரே தடிமன் என்றால் இரண்டும் ஒரே சுருதியில் அதிர்ந்து அந்தச் சுருதியை உள்ளே விட்டுவிடும். ஒன்று லேமினேட் கண்ணாடியானால் (நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது) இன்னும் நல்லது. ஜன்னலை மூடிவிட்டால் காற்றுக்கு வழி வேண்டும். ஒலி உறிஞ்சும் வளைவுள்ள காற்றுத் துவாரத்தைத் தண்டவாளத்துக்கு எதிர்ப்பக்கச் சுவரில் வையுங்கள்.

செலவே இல்லாத வழியும் உண்டு. கட்டிலை வீட்டின் பின்பக்க அறைக்கு மாற்றிப் பாருங்கள். வீடே இடையில் தடுப்பாக நிற்பதால் 10 டெசிபலோ அதற்கு மேலோ குறையும். இரண்டு அறையிலும் ஒரே ரயிலுக்கு அளந்து பார்த்துவிட்டே முடிவு செய்யுங்கள்; எதிரே உயர்ந்த சுவர் இருந்தால் எதிரொலி அந்தப் பலனைத் தின்றுவிடும்.